போலி வேலை அறிவிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? விளம்பரம் முதல் ஆபர் லெட்டர் வரை ஒரு முழு வழிகாட்டி

உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் மதியம் ஓர் ஆபர் லெட்டரை எனக்கு அனுப்பினாள். “அண்ணா, இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் போடணுமாம்” என்றாள். போனில் பார்த்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. லோகோ, முகவரி, பதிவு எண், சீல், நீல மையில் கையெழுத்து எல்லாம் இருந்தன.

அதே கோப்பைக் கணினியில் திறந்து நிதானமாகப் பார்த்தேன். கடிதத்தில் போட்டிருந்த தேதி முந்தைய வாரம். கோப்பின் விவரங்களைப் பார்த்தால், அது அன்று காலை 11 மணிக்குத்தான் உருவாக்கப்பட்டிருந்தது. சம்பளம் எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு தொகை. அவளுடைய பெயர் மட்டும் அந்த வரியின் மற்ற சொற்களைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. யாருக்கோ தயாரித்த கடிதத்தில் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், எழுத்தில் இருந்த சம்பளத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: லேப்டாப்புக்கான டெபாசிட்டை இன்றே கட்ட வேண்டும், முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்.

அந்த கம்பெனி உண்மையானதுதான். அதன் சொந்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டோம். எடுத்தவர், கடிதத்தில் இருந்த பெயரைக் கேட்டதுமே, “இந்த வாரம் இதைக் கேட்டு வர்ற நாலாவது ஆள் நீங்க” என்றார். போனை வைத்த பிறகு அவள் சொன்னது: “அம்மாகிட்ட வேலை கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன் அண்ணா.”

படித்தவள், விவரம் தெரிந்தவள். எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள் என்பதுதான் மோசடிக்காரர்களுக்குத் தேவையான ஒரே தகுதி. அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு காரியம். அவர்கள் கடிதத்தில் கொடுத்த எண்ணைக் கூப்பிடாமல், நாங்களாகத் தேடி எடுத்த எண்ணைக் கூப்பிட்டோம். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடித்தளம் இதுதான்: அவர்கள் காட்டிய வழியில் போய் அவர்களைச் சரிபார்க்கக் கூடாது.

அவர்களுக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும்?

போலி வேலை பல வேஷத்தில் வரும். ஆனால் குறி வைப்பது நான்கு விஷயங்களைத்தான்: உங்கள் பணம், உங்கள் அடையாள ஆவணங்கள், உங்கள் வங்கிக் கணக்கு, சில நேரம் உங்களையே. ஏதாவது ஓர் இடத்தில் சந்தேகம் தட்டினால், “இதில் என்னிடமிருந்து எது போகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். வேஷம் உடனே கலையும்.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு வந்த புகார்களின்படி, வேலை மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2020-ல் 9 கோடி டாலர். 2024-ல் அது 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இது ஒரே நாட்டில், புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும். வெட்கப்பட்டு வெளியே சொல்லாதவர்கள் இதில் இல்லை.

படி 1: விளம்பரத்தை இரண்டு முறை படியுங்கள்

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையை இனி நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, மோசடிக்காரர்கள் உண்மையான ஹெச்.ஆரைவிட அழகாக எழுதுகிறார்கள். பலர் எழுதக்கூட மாட்டார்கள், நிஜ கம்பெனியின் விளம்பரத்தை அப்படியே நகலெடுத்து, தொடர்பு எண்ணை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

அதனால் மொழியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். இந்த வேலையில் சேர்ந்தால் திங்கட்கிழமை காலை நான் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு விளம்பரத்தில் பதில் இருக்கிறதா? நிஜமாக ஆள் தேடுகிறவர்களுக்கு அந்த வேலையின் தலைவலிகள் தெரியும். எந்த மென்பொருள், எந்த ஷிஃப்ட், யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், எத்தனை ஆண்டு அனுபவம் என்று ஏதாவது குறிப்பாகச் சொல்லியிருப்பார்கள். போலியில் எல்லாம் பொதுவாக இருக்கும்: வீட்டிலிருந்தே வேலை, அனுபவம் தேவையில்லை, தினமும் 2 மணி நேரம், யாரும் சேரலாம். சம்பளம் மட்டும் துல்லியமாக இருக்கும், அதுவும் அந்த வேலைக்கு ஊரில் கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

பெரிய வேலைவாய்ப்புத் தளத்தில் வந்திருக்கிறது என்பதும் உத்தரவாதம் ஆகாது. அந்தத் தளங்கள் போலிகளை நீக்கிக்கொண்டே இருக்கின்றன, போலிகள் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் நேரம் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமாக இருக்கலாம். தளத்தில் விண்ணப்பித்த உடனே “மேற்கொண்டு டெலிகிராமில் பேசலாம்” என்று கூட்டிப்போனால் அங்கேயே நிதானியுங்கள். தளத்துக்குள் நடக்கும் பேச்சைத் தளம் கண்காணிக்க முடியும். வெளியே போய்விட்டால் முடியாது.

படி 2: கம்பெனியை உங்கள் வழியில் தேடிப் போங்கள்

விளம்பரத்தில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். கம்பெனியின் பெயரை நீங்களே தேடி, இணையதளத்தைத் திறந்து, வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் பார்த்த பதவி அங்கே இருக்கிறதா? தேடும்போது மேலே வரும் கட்டண விளம்பரங்களைத் தாண்டிப் பாருங்கள், அங்கேயும் போலித் தளங்கள் வருவதுண்டு.

பதவி அங்கே இல்லையென்றால், இணையதளத்தில் உள்ள பொது எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறீர்களா? இந்தப் பெயரில் உங்களிடம் ஒருவர் வேலை செய்கிறாரா?” இப்படிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். நிஜ கம்பெனி யாரும் இதற்காக வேலையைப் பறிக்க மாட்டார்கள். தங்கள் பெயர் கெடுவதைப் பற்றி அவர்களுக்கும் கவலை உண்டு. பல கம்பெனிகள் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே, எங்கள் பெயரில் மோசடி நடக்கிறது, நாங்கள் பணம் கேட்பதில்லை என்று அறிவிப்பு போட்டிருக்கின்றன.

பெயரே கேள்விப்படாத சின்ன கம்பெனி என்றால், அந்த நாட்டின் அரசு கம்பெனிப் பதிவேட்டில் தேடுங்கள். பெரும்பாலான நாடுகளில் இது இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் பெயர் இருந்தால் அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்களோடு பேசுகிறவர் அதன் ஆள் என்று அர்த்தமில்லை.

படி 3: மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம். முன்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஹெச்.ஆர் டீம் என்று பெயர் காட்டும், அதைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு இலவச ஜிமெயில் முகவரி இருக்கும். சிறு நிறுவனங்கள் ஜிமெயில் வைத்திருப்பது சகஜம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேலை செய்யும் கம்பெனி ஜிமெயிலில் ஆபர் லெட்டர் அனுப்பாது.

கம்பெனியின் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) போல இருந்தாலும் விடாதீர்கள். முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். ‘கேரியர்ஸ் டாட் கம்பெனி டாட் காம்’ என்றால் அது கம்பெனிக்குச் சொந்தமானது, ஏனென்றால் டாட் காமுக்கு ஒட்டிய இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ‘கம்பெனி ஹைஃபன் கேரியர்ஸ் டாட் காம்’ என்றால் அது முற்றிலும் வேறு டொமைன், யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். சின்ன எல் எழுத்தும் 1 என்ற எண்ணும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். கண்ணை நம்பாமல், முகவரியை நகலெடுத்து வேறு எழுத்துருவில் ஒட்டிப் பாருங்கள்.

பதில் அனுப்ப அழுத்தும்போது, பெறுநர் இடத்தில் வரும் முகவரி வந்த முகவரியேதானா என்பதையும் கவனியுங்கள். வந்தது கம்பெனி பெயரிலும், பதில் போவது வேறு எங்கோவும் இருந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

டொமைனின் வயதையும் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலைதான். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் டொமைன் பெயரைக் கொடுத்தால், பெரும்பாலும் அது பதிவான தேதி வரும். 20 ஆண்டு அனுபவம் என்று சொல்லும் கம்பெனியின் டொமைன் மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இணையதளங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தின் பழைய தோற்றத்தையும் பாருங்கள். போன வருஷம் அதே முகவரியில் வேறு என்னவோ இருந்திருக்கலாம்.

படி 4: பேசுகிற ஆள் யார்?

இன்டர்வியூ முழுக்க எழுத்தில், சாட்டிலேயே நடந்து, அரை மணி நேரத்தில் “நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்” என்றால் சந்தோஷப்படாதீர்கள். மாதாமாதம் சம்பளம் கொடுக்கப்போகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார்கள்.

ஹெச்.ஆர் என்று சொல்பவரின் லிங்க்ட்இன் பக்கத்தில் ‘இந்த ப்ரொஃபைலைப் பற்றி’ என்ற பகுதி உண்டு. எப்போது சேர்ந்தார், எதைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று அங்கே தெரியும். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே முகம் வேறு பெயரில் வேறு எங்காவது இருக்கலாம். வீடியோவில் வந்தாலே உண்மை என்றும் சொல்ல முடியாது, முகத்தையும் குரலையும் போலியாக்கும் காலம் இது. இதற்கு எளிய வழி, “உங்கள் கம்பெனி முகவரியிலிருந்து எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், பிறகு பேசலாம்” என்று கேட்பது. உண்மையானவருக்கு இது பத்து விநாடி வேலை. மற்றவர் சர்வர் பிரச்சினை என்பார், அல்லது கோபப்படுவார். “உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா விடுங்க, வரிசையில ஆள் இருக்கு” என்பது அவர்களுக்கு மனப்பாடமான வசனம். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடலாம்.

படி 5: பணம் எந்தப் பக்கம் போகிறது?

வேலை என்றால் பணம் அவர்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு காசு போனாலும் கேள்வி கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்பு, சீருடை, லேப்டாப் டெபாசிட், விசா செலவு என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். “திருப்பித் தரப்படும்” என்ற சொல் ஒட்டிக்கொண்டே வரும். முதலில் கேட்கும் தொகை சிறியதாக இருக்கும், போனால் போகட்டும் என்று நினைக்கும் அளவுக்கு. அதைக் கட்டியவருக்கு அடுத்த கட்டணம் வரும். கட்டியதை இழக்க மனமில்லாமல் மறுபடி கட்டுவார்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-வது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை, சில நாடுகளில் வரம்புக்கு உட்பட்ட கட்டணத்துக்கு அனுமதியும் உண்டு. ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இன்னொரு வகையில் அவர்களே பணம் கொடுப்பார்கள். காசோலை அனுப்பி, கணக்கில் போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியை “பொருள் வாங்க” இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். காசோலை முழுமையாகச் சரிபார்க்கப்படும் முன்பே வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் காட்டிவிடும் இடங்களில் இது நடக்கிறது. சில நாளிலோ வாரங்களிலோ காசோலை போலி என்று திரும்பும். நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணமாகியிருக்கும்.

படி 6: ஆவணங்களை அதனதன் நேரத்தில் மட்டும் கொடுங்கள்

விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூம் போதும். அதிலும் வீட்டு முகவரி, பிறந்த தேதி, அடையாள எண் எதுவும் வேண்டாம். அடையாள அட்டையும் வங்கி விவரமும் சேரும்போது கேட்கப்படுபவை, அதற்குள் நீங்கள் கம்பெனியை உங்கள் வழியில் சரிபார்த்திருப்பீர்கள். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே ‘இன்ன கம்பெனி வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஓடிபி, பாஸ்வேர்டு ஆகியவற்றை எந்த வேலையும் கேட்காது.

கணக்கில் பணம் வரும், அதில் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதே வேலை என்றால், அது இன்னொருவரிடம் திருடிய பணம். போலீஸ் முதலில் வரும் வீடு உங்களுடையதாக இருக்கும்.

லைக் போட்டால் காசு: டாஸ்க் வேலை

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் முதலில் உண்மையிலேயே பணம் வரும். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வரும். வீடியோவுக்கு லைக் போட வேண்டும், ஹோட்டலுக்கு ஸ்டார் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தால் சின்னத் தொகை கணக்குக்கு வந்துவிடும். அதுதான் தூண்டிலில் மாட்டிய புழு. அப்புறம் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பத்து இருபது பேர் இன்று எவ்வளவு எடுத்தேன் என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த இருபது பேரும் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்களே.

அடுத்து ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று ஒன்று வரும். முதலில் நீங்கள் பணம் போட வேண்டும், டாஸ்க் முடிந்ததும் லாபத்தோடு வரும். ஒரு ஆப்பில் உங்கள் கணக்கு ஏறுவது தெரியும். அது வெறும் எண். எடுக்கப் போனால், இன்னும் இரண்டு டாஸ்க் பாக்கி, வரி கட்டினால்தான் எடுக்கலாம், உங்கள் தவறால் கணக்கு முடங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மேலும் கட்ட வைப்பார்கள். அமெரிக்காவில் இந்த வகைக்கு 2020-ல் ஒரு புகார்கூட இல்லை. 2024-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000 புகார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால், பதிலே போடாமல் எண்ணைத் தடை செய்துவிடுங்கள். வேடிக்கை பார்க்கலாம் என்று உள்ளே போனவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலை என்றால்

இங்கே போவது பணம் மட்டுமில்லை. தென்கிழக்கு ஆசியாவில் டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைக்கப்பட்டவர்கள், இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஆகஸ்ட் 2023-ல் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. மேலே சொன்ன டாஸ்க் செய்தியை உங்களுக்கு அனுப்புகிறவரே ஒரு போலி வேலைக்குப் போய் மாட்டியவராக இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அதனால் சில கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். கையில் இருப்பது வேலை விசாவா, சுற்றுலா விசாவா? “அங்க போய் மாத்திக்கலாம்” என்றால் போக வேண்டாம். முகவருக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று உரிமம் கொடுக்கும் துறையின் பட்டியலில் நீங்களே பாருங்கள், அவர் காட்டும் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாட்டுக்கு வேலை, ஆனால் டிக்கெட் வேறு நாட்டுக்கு, அங்கிருந்து சாலை வழியாகக் கூட்டிப்போவோம் என்றால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் நகலும் முதலாளியின் முகவரியும் வீட்டில் ஒருவரிடம் கட்டாயம் இருக்கட்டும்.

மென்பொருள் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கிரிப்டோ விளையாட்டின் ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. அதன் தொடக்கம், அனுபவமுள்ள ஒரு பொறியாளர் லிங்க்ட்இன் வழியாக வந்த போலி வேலையை நம்பி, பல சுற்று இன்டர்வியூ முடித்து, ஆபர் லெட்டர் என்று வந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்ததுதான் என்று பின்னர் செய்தி வெளியானது. கோடிங் டெஸ்ட் என்று தெரியாதவர் தரும் புரோகிராமை உங்கள் சொந்தக் கணினியில், அதைவிட முக்கியமாக இப்போதைய ஆபீஸ் கணினியில் ஓட்டாதீர்கள். தனி விர்ச்சுவல் மெஷின் போதும்.

ஆளே எடுக்காத விளம்பரங்கள்

நிஜ கம்பெனி போட்ட நிஜ விளம்பரம், ஆனால் ஆள் எடுக்கும் எண்ணமே இல்லை என்ற வகையும் உண்டு. ரெஸ்யூம் சேர்த்து வைக்கவும், வளர்கிறோம் என்று காட்டவும் போடுகிறார்கள். பணம் போகாது, ஆனால் உங்கள் நேரமும் நம்பிக்கையும் போகும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், இப்போது காலியிடம் இருக்கிறதா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்ற விதி 1 ஜனவரி 2026 முதல் இருக்கிறது. மற்ற இடங்களில் நாமேதான் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால், விண்ணப்பத்துக்கு முன் ஒரு மின்னஞ்சலில் “இந்த இடம் எப்போது நிரப்பப்படும்?” என்று கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்

முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள். போலீஸ் புகாரும் முக்கியம்தான், ஆனால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வங்கியால்தான் முடியும், அங்கே நிமிடங்கள் கணக்கு. பிறகு உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். சாட், எண்கள், கணக்கு விவரங்கள், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம், கோபத்தில் பலர் அழித்துவிடுகிறார்கள். ஆவணங்கள் போயிருந்தால், உங்கள் பெயரில் கடன் ஏதும் எடுத்திருக்கிறார்களா என்று கடன் அறிக்கையை அவ்வப்போது பாருங்கள். ஆப் ஏதாவது நிறுவச் சொல்லியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கி, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

சில நாள் கழித்து இன்னொருவர் வருவார். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சின்னக் கட்டணம் மட்டும் போதும் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கும், இவரும் அதே வலையின் ஆள்தான்.

வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்தப் பெண் அன்று ராத்திரிதான் அம்மாவிடம் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “காசு ஏதும் கட்டிடலியே?” மறுநாள் காலை இருவரும் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைப் பற்றித் தளத்தில் புகார் கொடுத்தார்கள், சாயங்காலம் அது நீங்கியது. இரண்டு நாள் கழித்து அதே வாசகங்கள், அதே சம்பளம், வேறொரு கம்பெனியின் பெயரில் மறுபடி வந்ததைப் பார்த்து எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: “இதுக்கும் கம்ப்ளெய்ன்ட் போட்டாச்சு அண்ணா. அந்த கம்பெனிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”